அளவு சட்டை மாதிரி ஓர் அளவு சைக்கிள்

புதுச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது, டேப் பிடித்து அளக்க விடுவதைவிட, நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொடுத்துவிடுவது என் பழக்கம். "இதே அளவு" என்றால் பேச்சு முடிந்தது. இந்த எளிய யோசனை சைக்கிள் விஷயத்தில் எனக்கு வந்து சேர நான்கு வருடங்களும் இரண்டு தப்பான ஃபிரேம்களும் ஆயின.

முதல் ஃபிரேம் 58. பழைய ஸ்டீல் டூரிங் சைக்கிள், அதாவது சுமை ஏற்றி நெடுந்தூரம் போகிற வகை, இரண்டாம் கை. டாப் டியூப், அதாவது நாம் 'பார்' என்று சொல்வது, தரைக்கு இணையாக நேராகப் போகும். பின்பக்கம் நீளம். கேரியர் மாட்டவும் மட்கார்டு மாட்டவும் வேண்டிய துளைகள் எல்லாம் இருந்தன. பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. விற்றவர், "உங்கள் உயரத்துக்குத் தாராளமாகச் சரியாக இருக்கும்" என்றார். நானும் பாரின் இருபுறமும் காலை ஊன்றி நின்று பார்த்தேன். கால் தரையில் பட்டது, நடுவில் மூன்று செ.மீ. இடைவெளியும் இருந்தது. குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகியவனுக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேண்டும்? கால் எட்டுகிறது, ஆகவே சைக்கிள் என் அளவு. வாங்கிவிட்டேன்.

அரை மணி நேரம், ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. முதல் நீண்ட பயணத்தில் மூன்றாம் நாள் மாலை, வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. மறுநாள் காலையில் பற்பசை மூடியைத் திருக முடியவில்லை. உள்ளங்கையின் வெளி ஓரத்தில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற அல்நார் நரம்பு நாள் முழுக்க நசுங்கினால் இப்படி ஆகும். கையுறை வாங்கினேன். ஹேண்டில்பாரில் இரண்டு சுற்று டேப் சுற்றினேன். அப்புறம் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன்: ஹேண்டில்பார் தூரமாக இருக்கிறது என்று சீட்டை முன்னால் தள்ளினேன். சீட் முன்னால் வந்தால் உடம்பின் எடையும் முன்னால் வரும், கை இன்னும் அதிகமாகத் தாங்க வேண்டும். மருந்து என்று நினைத்து நோயையே இன்னொரு கரண்டி ஊட்டியிருக்கிறேன்.

அந்த 58 எதைச் சொல்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரியாமலே வாங்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கம்தான்.

பழைய வழக்கப்படி, ஃபிரேம் அளவு என்றால் சீட் டியூபின், அதாவது சீட்டுக்குக் கீழே இருக்கிற குழாயின், நீளம். பெடல் கிராங்க் சுற்றுகிற பாட்டம் பிராக்கெட்டின் மையத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். எங்கே முடிக்க வேண்டும் என்பதில்தான் ஒற்றுமை கிடையாது. சிலர் சீட் டியூபின் உச்சி வரை அளப்பார்கள். சிலர் டாப் டியூபும் சீட் டியூபும் சந்திக்கிற மையம் வரை. இரண்டுக்கும் இடையில் ஒன்றரை, இரண்டு செ.மீ. வித்தியாசம் வரும். ஒருவர் 56 என்று விற்பதும் இன்னொருவர் 58 என்று விற்பதும் ஒரே ஃபிரேமாக இருக்கலாம். ஸ்டீல் ஃபிரேம்கள் பெரும்பாலும் இரண்டு செ.மீ. இடைவெளியில் வருவதால், இந்தக் குழப்பம் சரியாக ஒரு முழு அளவு வித்தியாசம்.

டாப் டியூப் தரைக்கு இணையாக இருந்த காலத்தில் இந்த எண்ணுக்கு ஓரளவாவது பொருள் இருந்தது. சீட் டியூப் நீண்டால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நுழைகிற ஹெட் டியூபும் கூடவே நீளும், பாரும் நீளும். ஒன்றைச் சொன்னால் மற்றதை ஊகிக்கலாம். பிறகு டாப் டியூபைப் பின்பக்கம் சரித்து வைக்கும் வழக்கம் வந்தது. மலைச் சைக்கிள்களில் முதலிலேயே இருந்ததுதான். ரேஸ் சைக்கிள்களில் அதை எல்லாரும் பார்க்கும்படி செய்தது மைக் பர்ரோஸ் வடிவமைத்து 1990களின் பிற்பகுதியில் வந்த, ஜயன்ட் நிறுவனத்தின் டிசிஆர் சைக்கிள். சரிவான பாரில் சீட் டியூபை எவ்வளவு வேண்டுமானாலும் குட்டையாக்கலாம், சீட்டைப் பிடிக்கிற சீட் போஸ்ட் நீளமாக வெளியே நிற்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு 'இது 50' என்று ஒரு சரிந்த ஃபிரேமைப் பற்றிச் சொல்வது, காலர் அளவைச் சொல்லிக் கை நீளத்தைக் கேட்பவரை அனுப்பிவைப்பது மாதிரி.

சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே செங்குத்தாக வைத்து, சீட் அழுத்துகிற அளவுக்கு மேலே அழுத்தி, புத்தகத்தின் மேல் விளிம்பு வரை தரையிலிருந்து அளக்க வேண்டும். கூச்சப்பட்டு மெதுவாக அழுத்தினால் அளவு பொய் சொல்லும். பேண்ட்டின் உள்நீளம் இதற்கு உதவாது, அது சில செ.மீ. குறைவாகவே இருக்கும். மூன்று முறை அளந்தேன், 84 வந்தது.

இந்தக் கால் நீளத்தை வைத்துப் போடுகிற பெருக்கல்களில் புகழ்பெற்றது 0.883. டூர் டி பிரான்ஸ் வென்ற இனோ, லெமோண்ட், ஃபினியோன் ஆகியோருக்குப் பயிற்சியாளராக இருந்த சிரில் கிமார் பயன்படுத்தி, கிரெக் லெமோண்ட் வழியாகப் பரவிய எண். பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது சொல்லும். எனக்கு 74 செ.மீ. அதன் கூடவே வருவது 0.65: ஃபிரேம் அளவு, மையத்திலிருந்து மையம் வரை. எனக்கு 54.6. உச்சி வரை அளந்தால் 56 பக்கம். ஆக 58 ஓர் அளவு பெரிது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

புரியவில்லை. 0.883 சீட் உயரத்துக்கு நல்ல தொடக்கப் புள்ளி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சீட் உயரம் என்பது ஃபிரேமைப் பொறுத்ததே அல்ல. சீட் போஸ்டை ஏற்றி இறக்கி எந்த ஃபிரேமிலும் கிட்டத்தட்ட அதைக் கொண்டுவந்துவிடலாம். ஃபிரேம் தீர்மானிப்பது கையை. கை எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் போய் உட்காரும் என்பதைத்தான். காலின் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கை இருக்கும் இடத்தைச் சொல்கிற சூத்திரம், எல்லாருக்கும் காலும் உடம்பும் ஒரே விகிதம் என்று நம்புகிறது. எனக்குக் கால் நீளம், உடம்பு குட்டை. என் நண்பன் ஒருவனுக்கு நேர் எதிர். நின்றால் இரண்டு பேரும் ஒரே உயரம், உட்கார்ந்தால் அவன் என்னைவிட அரைத் தலை உயரம். ஒரே கடையில் ஒரே உயர அட்டவணையைக் காட்டி ஒரே ஃபிரேமை இரண்டு பேருக்கும் விற்பார்கள்.

பழைய கை விதிகளும் உண்டு. முழங்கையைச் சீட்டின் மூக்கில் வைத்தால் விரல்நுனி ஹேண்டில்பாரைத் தொட வேண்டும் என்பது ஒன்று. முன்கையின் நீளத்துக்கும், குனிந்து மணிக்கணக்கில் உட்காருகிற முதுகுக்கும் என்ன உறவு என்று யாரும் சொன்னதில்லை. உட்கார்ந்து கீழே பார்த்தால் ஹேண்டில்பார் முன்சக்கர அச்சை மறைக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஃபோர்க்கின் வளைவை ஒரு செ.மீ. கூட்டினால் அச்சு நகர்ந்துவிடும், நம் முதுகு நகராது. ஒரு கைப்பிடி அளவு சீட் போஸ்ட் வெளியே தெரிந்தால் ஃபிரேம் சரி என்பது மூன்றாவது. நேரான பார் உள்ள பழைய ஃபிரேமில் இது ஒன்று மட்டும் கொஞ்சம் வேலை செய்யும், ஏனென்றால் அப்படித் தெரிகிற ஃபிரேமில் ஹேண்டில்பாரைச் சீட் அளவுக்கு உயர்த்த வழி இருக்கும். அதாவது விதி சீட் போஸ்டைப் பற்றிப் பேசுவதுபோல நடித்துக்கொண்டு ஹேண்டில்பாரைப் பற்றிப் பேசுகிறது. ரிவென்டெல் நிறுவனத்தின் கிரான்ட் பீட்டர்சன் பல வருடங்களாகச் சொல்லிவருவதும் இதுதான்: பெரிய ஃபிரேம் எடுங்கள், ஹேண்டில்பார் மேலே வரட்டும். அவர் சொல்வதில் பாதி எனக்கு வேதவாக்கு. மீதிப் பாதி, அதாவது பெரிய ஃபிரேமில் பாரும் நீளும் என்பது, என்னைப்போலக் குட்டை உடம்புக்காரனைக் கவிழ்க்கும். அவருடைய சைக்கிள்களில் பின்னால் வளைந்து வருகிற ஹேண்டில்பார்கள் அந்த நீளத்தைச் சரிக்கட்டிவிடும். கீழே வளைகிற டிராப் ஹேண்டில்பார் அப்படிச் செய்யாது.

58ஐ விற்றேன். சூடு கண்ட பூனை நான். அடுத்து வாங்கியது 52.

இந்த முறை கை எட்டும் என்ற நம்பிக்கை. ஸ்டீல்தான், புதிய ரகம், பார் லேசாகச் சரிந்திருந்தது. முதல் வாரத்திலேயே கழுத்து பிடித்துக்கொண்டது. ஹேண்டில்பார் சீட்டைவிட 10 செ.மீ. கீழே இருந்தது. உயர்த்தலாம் என்று பார்த்தால் வழியில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர், ஃபோர்க்கிலிருந்து ஹெட் டியூப் வழியாக மேலே வருகிற ஸ்டியரர் குழாயைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கிற துண்டுதான் ஸ்டெம். பழைய கால ஸ்டெம்கள் ஃபோர்க்குக்குள் இறங்குகிற வகை. அவற்றில் போல்ட்டைத் தளர்த்தி, குறித்திருக்கும் எல்லைக் கோடு வரை மேலே இழுத்துக்கொள்ளலாம், கழுத்து நீண்ட ஸ்டெமும் கிடைக்கும். இப்போதைய வகையில் ஸ்டெம் ஸ்டியரரைச் சுற்றிப் பிடிக்கிறது. ஸ்டியரர் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் உயரம். வெட்டினால் வெட்டினதுதான். நீட்டிப்புத் துண்டு விற்கிறார்கள், மாட்டியும் பார்த்தேன். ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது அது முனகியது, எனக்கும் பயமாக இருந்தது.

விநோதம் என்னவென்றால், ஹேண்டில்பார் கீழே போனதோடு, நினைத்த அளவுக்கு அருகிலும் வரவில்லை. 58இல் டாப் டியூப் 58 செ.மீ., 52இல் 53 செ.மீ. ஐந்து செ.மீ. குறைந்திருக்க வேண்டும் அல்லவா? சின்ன ஃபிரேம்களில் சீட் டியூப் செங்குத்தாக நிற்கும். முதல் சைக்கிளில் அது 72.5 டிகிரி, இதில் 74. செங்குத்தான டியூபில் சீட் முன்னால் போய்விடும். முழங்காலும் பெடலும் ஒத்துப்போக நாம் சீட்டைப் பின்னால் இழுத்துக்கொள்வோம். இழுத்ததும் ஹேண்டில்பார் அந்த அளவுக்குத் தள்ளிப் போகும். ஒரு டிகிரிக்கு ஒரு செ.மீ. என்று வைத்துக்கொண்டால் கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வரும். ஐந்தில் ஒன்றரை இப்படிக் காற்றில் கரைந்தது. சின்ன ஃபிரேமின் டாப் டியூப் குட்டையாகத் தெரிவதில் ஒரு பங்கு வெறும் கண்கட்டு.

தோல் சீட் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். புரூக்ஸ் பி17 போன்ற சீட்டில் அடியில் இருக்கும் கம்பியில் நேர்ப்பகுதி குறைவு, பின்னால் தள்ள அதிக இடம் இல்லை. 74 டிகிரி சீட் டியூபில் அதைப் போதுமான அளவு பின்னால் கொண்டுபோக, பின்புறம் நன்றாக வளைந்த சீட் போஸ்ட் தேட வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் நல்ல பதிலாக வந்தவை ஸ்டாக், ரீச் என்கிற இரண்டு எண்கள். டிரையத்லான் சைக்கிள் உலகத்தில் டான் எம்ஃபீல்ட் பரப்பியவை. பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து ஹெட் டியூபின் உச்சி மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். சீட் டியூப் சரிவு, பாரின் சரிவு எதுவும் இதில் குழப்பாது. இன்றைக்கு ஃபிரேம் அட்டவணையைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது ஸ்டாக்கை. டூரிங் சைக்கிளுக்கு அது போதாது என்றால் மற்ற எண்களைப் பார்ப்பதே இல்லை.

ரீச்சை மட்டும் தனியாக எடுத்து ஒப்பிடுவதில் ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தேன். ஹெட் டியூப் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது, சுமார் 72 டிகிரி. அதனால் ஹேண்டில்பாரை ஒரு செ.மீ. மேலே ஏற்றினால் அது 3 மி.மீ. பின்னாலும் வரும். ஒரு ஃபிரேமில் ஸ்டாக் 58, ரீச் 38 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றில் ஸ்டாக் 61, ரீச் 37.5. இரண்டாவதுதான் குட்டை என்று தோன்றும். ஆனால் முதலாவதில் ஸ்டெமுக்கு அடியில் 3 செ.மீ. வளையங்கள் அடுக்கி இரண்டாவதின் உயரத்துக்குக் கொண்டுவந்தால், அதன் ரீச் 37 ஆகிவிடும். இப்போது இரண்டாவதுதான் நீளம். ஹேண்டில்பார் எந்த உயரத்தில் வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் ரீச்சை ஒப்பிட வேண்டும்.

ஆனால் எந்த உயரத்தில் வேண்டும், எவ்வளவு தூரத்தில் வேண்டும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவரிடம் பழைய டிராப் ஹேண்டில்பார் சைக்கிள் ஒன்று உண்டு. எந்த ஊர்த் தயாரிப்பு என்று அவருக்கே ஞாபகம் இல்லை, பெயர் ஒட்டியிருந்த இடத்தில் இப்போது துரு மட்டும். கல்லூரி நாட்களிலிருந்து நான் அங்கே போகும்போதெல்லாம் எடுத்து ஓட்டுவேன். அன்றும் எடுத்தேன், காலையில் போனவன் மாலையில்தான் திரும்பினேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது: கழுத்து வலிக்கவில்லை. விரல் மரக்கவில்லை. இத்தனை வருடங்களில் இந்தச் சைக்கிளில் எனக்கு எங்கும் வலித்ததே இல்லை. வலிக்காததால் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

அளவு சட்டை அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்திருக்கிறது.

டேப்பும் காகிதமும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தேன். மாமா எட்டிப் பார்த்து, "என்னடா, அதுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

நான் எடுத்தவை நான்கு அளவுகள்தான். பாட்டம் பிராக்கெட் மையத்திலிருந்து சீட் உச்சி: 74. கிமாரின் பெருக்கலும் இதைத்தான் சொல்லியிருந்தது, மகிழ்ச்சி. இரண்டாவது, பாட்டம் பிராக்கெட்டுக்கு நேர் மேலே ஒரு நூல்குண்டு தொங்கவிட்டால் சீட்டின் மூக்கு அதற்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது. மூன்றாவது, சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை: 53.5. நான்காவது, தரையிலிருந்து சீட் உயரம், தரையிலிருந்து ஹேண்டில்பார் உயரம், இரண்டுக்கும் வித்தியாசம்: ஒரே ஒரு செ.மீ. ஹேண்டில்பார் சற்றே கீழே. சீட்டின் ரகம் மாறினால் மூக்கின் நீளமும் மாறும் என்பதால், பின்னால் சீட் அகலமாகத் தொடங்கும் இடத்திலிருந்தும் ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டேன். உட்காருவது மூக்கின்மேல் அல்லவே. பிரேக் பிடி ஹேண்டில்பாரில் எங்கே நிற்கிறது என்பதையும் குறித்தேன், நாளில் பாதி நேரம் கை அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன். 58இல் அந்த மூன்றாவது அளவு 59.5. ஆறு செ.மீ. அதிகம்! அதில் இருந்த 11 செ.மீ. ஸ்டெமுக்குப் பதிலாக 5 செ.மீ. ஸ்டெம் போட்டிருந்தால்தான் மாமா சைக்கிளின் தூரம் வந்திருக்கும். 52இல் 55.5. அதாவது 'எனக்குச் சின்னது' என்று நான் நம்பிய ஃபிரேம்கூட எனக்கு நீளமாகத்தான் இருந்திருக்கிறது, அதோடு 10 செ.மீ. பள்ளத்திலும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, நடுவில் 54 வாங்கினால் தீர்ந்தது என்று அந்த வாரம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். 54 வாங்கியிருந்தால் மூன்றாவது முறையும் விற்றிருப்பேன். எனக்குத் தேவை நடு அளவு அல்ல. பெரிய ஃபிரேமின் உயரமும் சின்ன ஃபிரேமின் நீளமும்.

ஒரு எச்சரிக்கை. அளவு சைக்கிள் நேர் ஹேண்டில்பார் வைத்ததாக இருந்து, வாங்கப்போவது டிராப் என்றால், எண்களை அப்படியே தூக்கிப் போடக் கூடாது. டிராப் ஹேண்டில்பாரில் பிரேக் பிடியின் மேல் கை வைக்கும்போது, ஸ்டெம் பிடிக்கிற இடத்திலிருந்து சுமார் 10 செ.மீ. முன்னால் போய்விடுகிறோம். நேர் ஹேண்டில்பாருக்கென்று வடிவமைத்த ஃபிரேம்கள் அதனால்தான் டாப் டியூப் நீளமாக வருகின்றன. பழைய மலைச் சைக்கிள் ஃபிரேமில் டிராப் மாட்டி டூரிங் சைக்கிள் ஆக்க ஆசைப்படுகிறவர்கள் பலர். ஸ்டீல், உறுதியானது, மலிவு, ஆசை நியாயம்தான். ஒன்றிரண்டு அளவு சின்னதாகப் பார்த்து எடுத்தால் மட்டும்.

தேடலில் ஸ்டீலுக்கே உரிய சில விஷயங்களும் குறுக்கிட்டன. ஸ்டீல் ஃபிரேமில் பலவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மி.மீ. ஆக இருந்தால் வளைத்து 130 ஆக்கலாம். கேரியருக்குத் துளை இல்லையென்றால் பற்றவைக்கலாம். வளைந்துபோன, கியர் மாட்டுகிற கொக்கியை நிமிர்த்தலாம். ஹெட் டியூபை மட்டும் நீட்ட முடியாது.

அப்புறம் குழாயின் பருமன். பழைய ஸ்டீல் ஃபிரேம்களில் டாப் டியூப் ஓர் அங்குலம், 25.4 மி.மீ. பிறகு வந்தவற்றில் 28.6. மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். மெல்லிய சுவர் குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், ஆகவே சுவர் ஒரே தடிமன் என்றால் விறைப்பு சுமார் 40 சதவீதம் அதிகம். பெரிய ஃபிரேமில் அதே மெல்லிய குழாய் நீளமாகவும் இருக்கும், மேலும் நெகிழும். என் 58 அப்படிப்பட்டது. பின்கேரியரில் இருபது கிலோ ஏற்றிக்கொண்டு ஓர் இறக்கத்தில் வேகமெடுத்தபோது, ஹேண்டில்பார் தானாக இடமும் வலமும் உதறத் தொடங்கியது. முழங்காலைப் பாரோடு சேர்த்து அழுத்தி, மெதுவாக வேகத்தைக் குறைத்த பிறகுதான் நின்றது. அன்றைக்கு நான் கத்தியது எனக்கே கேட்டது. உயரமானவர்கள் 60, 62 என்று ஸ்டீல் டூரிங் ஃபிரேம் எடுக்கும்போது, குழாய்கள் பருமனானவையா என்றும், சுமையைக் கொஞ்சம் முன்பக்கமும் பகிர முடியுமா என்றும் பார்ப்பது நல்லது. மிகப் பெரிய ஃபிரேம்களில் சிலர் இரண்டாவது டாப் டியூப் ஒன்றைச் சேர்ப்பதும் இதற்காகத்தான்.

குட்டையானவர்களின் கஷ்டம் வேறு. ரிம் 622 மி.மீ. சக்கரத்தை 50க்கும் கீழான ஃபிரேமில் திணித்தால், ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மட்கார்டு கால்விரலில் முட்டும். வேகத்தில் போகும்போது அவ்வளவு திருப்ப மாட்டோம். ஆனால் சுமையோடு, ஏற்றத்தில், நடக்கிற வேகத்தில் வளைந்து வளைந்து ஏறும்போது முட்டும், விழுவோம். முட்டாமலிருக்க முன்பக்கத்தை நீட்டினால் கை எட்டாது. ஜார்ஜீனா டெர்ரி 1985இல் தொடங்கிய நிறுவனம் பெண்களுக்கான சின்ன ஃபிரேம்களில் முன்சக்கரத்தை மட்டும் சிறியதாக வைத்து இதைத் தீர்த்தது. சர்லி நிறுவனத்தின் லாங் ஹால் டிரக்கர் என்ற டூரிங் சைக்கிள் சின்ன அளவுகளில் இரண்டு சக்கரங்களையும் 26 அங்குலமாக, அதாவது 559 மி.மீ. ரிம்மாக வைத்தது. எல்லா அளவுக்கும் ஒரே சக்கரம் போட்டு, எண்ணை மட்டும் குறைத்துக்கொண்டே போகிற தயாரிப்பைக் கண்டால் குட்டையானவர்கள் ஒதுங்கிப் போவது நல்லது.

பார்மேல் நின்று பார்க்கும் சோதனையை நான் கிண்டல் செய்தேன், ஆனால் தூக்கிப் போடச் சொல்லவில்லை. சுமை ஏற்றிய சைக்கிளை மேடு பள்ளமான சாலையோரத்தில் நிறுத்தும்போது, ஒரு கால் பள்ளத்தில் இறங்கும், சைக்கிள் நம்மேல் சாயும். அப்போது மூன்று செ.மீ. போதாது, எனக்கு ஐந்தாவது வேண்டும். அதைவிட முக்கியமாக ஒன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை: பின்னால் பைகளும் அவற்றின் மேல் கூடார மூட்டையும் கட்டிவிட்டால், காலைப் பின்பக்கமாக வீசி ஏற முடியாது. பாரைத் தாண்டித்தான் ஏற வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. நாற்பதாவது தடவை, இருட்டும் நேரத்தில், அந்த இரண்டு செ.மீ. சரிவு எவ்வளவு பெரிய தயவு என்று தொடைக்குத் தெரியும்.

கடைசியில் வாங்கியது 56. சீட் டியூப் 72.5 டிகிரி, டாப் டியூபைக் கிடைமட்டமாகக் கணக்கிட்டால் 55, ஸ்டாக் 60. ஹெட் டியூப் பாரின் மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கிறது, பார்க்க அவ்வளவு அழகில்லை. ஸ்டியரரை வெட்டாமல் அனுப்பச் சொன்னேன். 4 செ.மீ. வளையங்கள், 8 செ.மீ. ஸ்டெம். ஓட்டிப் பார்க்கும் முன்பே டேப் வைத்தேன்: சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் நடு வரை 53. ஹேண்டில்பார் சீட்டைவிட ஒரு செ.மீ. கீழே. புகைப்படம் பார்த்த நண்பன், "இத்தனை வளையம் அடுக்கினால் ஃபிரேம் சின்னது என்று அர்த்தம்" என்று தகவல் அனுப்பினான். அவனுக்கு உடம்பு நீளம், அவன் சைக்கிளில் வளையமே இல்லை. இரண்டு பேரும் 56தான் ஓட்டுகிறோம்.

இதில் மூன்று வாரம் தொடர்ந்து போய்வந்தேன். விரல்கள் பத்தும் வேலை செய்தன. ஒரே ஒரு தொல்லை. முதல் நாள் வலது குதிகால் ஒவ்வொரு சுற்றுக்கும் பின்பையில் 'டக் டக்' என்று தட்டியது. பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கர அச்சு வரை போகிற செயின் ஸ்டே 45 செ.மீ., என் காலணி கொஞ்சம் பெரிது. எல்லா அளவு ஃபிரேமுக்கும் அதே 45தான் கொடுக்கிறார்கள், பெரிய பாதக்காரர்கள் இதையும் கவனிக்க வேண்டும் என்று காகிதத்தில் ஐந்தாவதாக எழுதிக்கொண்டேன். பிறகு சாலையோரமாக நிறுத்தி, பையின் கொக்கிகளைத் தளர்த்தி, கேரியரில் இரண்டு செ.மீ. பின்னால் தள்ளி மாட்டினேன். சத்தம் நின்றது.